ஸ்கைரிம் போட்டியில் எந்த உத்தியை அனுமதிப்பது, எதை விலக்குவது?

கொக்குவிலான்:

அனைவருக்கும் வணக்கம்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கையில் நேரம் இருப்பதால், கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டில் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டோம். எல்லோரும் புதிய பாத்திரத்துடன் தொடங்கவேண்டும். நாம் கொடுக்கும் அடி காற்பங்காகவும் வாங்கும் அடி மும்மடங்காகவும் கணக்கிடப்படும் 'லெஜண்டரி' நிலையிலேயே கடைசிவரை விளையாடவேண்டும். அல்டுயின் என்ற டிராகனைக் கொன்று முதன்மைக் கதையை முடிக்கும்போது யாருடைய சேவில் (விளையாட்டைச் சேமித்த கோப்பில்) குறைந்த நேரம் பதிவாகியிருக்கிறதோ அவரே வென்றவர். கட்டளைப் பெட்டியைத் திறந்து எதையும் தட்டச்சுச் செய்யக்கூடாது என்பது மட்டுமே நாங்கள் எழுதிவைத்த விதி.

போட்டி முடிந்ததும் சண்டை தொடங்கிவிட்டது. முதலாவதாக முடித்த நண்பன், மீட்பு வித்தையைக் கூட்டும் மருந்தைக் குடிப்பதும், ரசவாதத்தை (மருந்து காய்ச்சும் திறனை) கூட்டும் அணிகலன்களைக் கழற்றிப் போடுவதும், மீண்டும் மருந்து காய்ச்சுவதுமாக ஒரே மேசையடியில் நின்று, தன் வில்லின் வலுவை இலட்சக்கணக்கில் ஏற்றியிருந்தான். 'டிராகன்ரென்ட்' முழக்கத்தால் தரைக்கு இறக்கப்பட்ட அல்டுயின் ஒரே அம்பில் முடிந்துவிட்டது. அது அளாப்பு என்று மற்றவர்கள் சொன்னபோது, தான் எந்தக் கட்டளையையும் அடிக்கவில்லை, விளையாட்டை மாற்றியமைக்கும் 'மொட்' கோப்பு எதையும் ஏற்றவில்லை, விளையாட்டு அனுமதித்ததை மட்டுமே செய்ததாக அவன் வாதிட்டான். அத்தோடு நிற்காமல், கடைக்காரரின் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கடையைத் துடைத்தெடுத்தவனும், தொடக்கம் முதல் முடிவுவரை இருட்டில் குந்தியிருந்து அம்பெய்தவனும் தன்னைக் கேள்வி கேட்பதற்கு என்ன தகுதி என்றும் கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் சரியான பதில் இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்த சுற்றுக்கு முன்னர் விதிகளை ஒழுங்காக எழுதிவிட விரும்புகிறோம். தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தால், பட்டியலில் இல்லாத ஒன்றை யாராவது தேடிப்பிடிப்பார்கள். ஆகவே, இது நியாயமான கெட்டிக்காரத்தனம், இது ஓட்டை என்று பிரித்தறிவதற்குப் பட்டியலைத் தவிர்த்த ஒரு பொது அளவுகோல் இருக்கிறதா என்பதை அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் விளங்கப்படுத்தினால் உதவியாக இருக்கும்.


சுன்னாகம் நிரலாளர்:

தம்பி, உங்கள் நண்பர் செய்தது 'ரெஸ்டோரேஷன் லூப்' என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. அது எப்படி வேலைசெய்கிறது என்பது விளங்கினால் உங்களுக்கு வேண்டிய அளவுகோலும் அதற்குள்ளேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ரசவாதத்தைக் கூட்டும் மோதிரம், கழுத்தணி, கையுறை, தலையணி ஆகியவற்றில் ஏற்றப்பட்டிருக்கும் மந்திரத்தை, ஸ்கைரிமின் உள்கணக்கு மீட்பு வித்தையைச் சேர்ந்ததாக வகைப்படுத்தி வைத்திருக்கிறது. மீட்பு வித்தையைக் கூட்டும் மருந்தோ, அந்த வித்தையைச் சேர்ந்த எல்லாவற்றின் வலுவையும் பெருக்கிவிடுகிறது. காயத்தை ஆற்றும் மந்திரங்களை மனதில் வைத்தே அந்த மருந்தை அமைத்திருப்பார்கள். ஆனால் கணக்கு ஆளைப் பார்த்து நிற்பதில்லை, அது மோதிரத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. அணிகலனின் வலு அதை அணியும் நேரத்தில் கணக்கிடப்படுவதால், மருந்தைக் குடித்தபின் ஒருமுறை கழற்றிப் போட்டால் புதிய பெறுமானம் வந்துவிடும். கூடிய ரசவாதத்துடன் காய்ச்சும் அடுத்த மருந்து முந்தியதைவிட வலுவானது. அதைக் குடித்துக் கழற்றிப் போட்டால் அணிகலன் இன்னும் வலுவாகும். இப்படியே சில சுற்றுகளில் எண் இலட்சங்களைத் தாண்டிவிடும். அந்த ரசவாதத்தோடு கொல்லுவேலையைக் கூட்டும் மருந்தைக் காய்ச்சிக் குடித்துவிட்டுத்தான் வில்லை வலுவேற்றுவது. 32 பிற்றில் வைக்கப்படும் குறியுள்ள முழு எண்ணின் உச்சம் 2,147,483,647 என்பதால், பேராசைப்பட்டு அதற்கும் மேலே ஏற்றப் போனவர்களுக்கு எண் எதிர்மறையாகப் புரண்டதும், விளையாட்டே நின்றுபோனதும் உண்டு. (இந்த மருந்துக்கான மூலப்பொருட்களில் உப்பும் ஒருவகை மீனும் அடங்கும். ஆனையிறவில் உப்பளத்தையும் கரையெங்கும் கருவாட்டையும் வைத்திருக்கும் நாங்கள் இதை முதலில் கண்டுபிடிக்காமல் விட்டது வியப்புத்தான்.)

இப்போது இதே விளையாட்டில் இருக்கும் இன்னொரு சுற்றைப் பாருங்கள். மந்திரமேற்றலைக் கூட்டும் மருந்தைக் குடித்துவிட்டு, ரசவாதத்தைக் கூட்டும் அணிகலன் செய்யலாம். அந்த அணிகலனைப் போட்டுக்கொண்டு மந்திரமேற்றலைக் கூட்டும் மருந்தை இன்னும் வலுவாகக் காய்ச்சலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் தன்னைத் தானே ஊட்டி வளர்ப்பதுதான். ஆனால் இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் கூடுதல் முந்தியதைவிடக் குறைந்துகொண்டே போகும். மந்திரமேற்றலில் 100 ஐயும் அதற்குரிய எல்லாச் சிறப்புத் திறன்களையும் அடைந்தவர் மருந்தில்லாமல் 25 சதவீத அணிகலன் செய்வார். இந்தச் சுற்றை எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் அது 29 சதவீத அளவில் வந்து நின்றுவிடும். அதாவது ஒரு சுற்று குவிகிறது, மற்றது விரிகிறது. உயர்தரத்தில் கணிதம் எடுத்தவர்களுக்குப் பெருக்கல் தொடரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஸ்கைரிம் சேர்ந்த 'எல்டர் ஸ்குரோல்ஸ்' விளையாட்டுக் குடும்பத்துக்கு இது பரம்பரை நோய் என்பதையும் சொல்லவேண்டும். 2002 இல் வெளிவந்த மொறோவிண்டில் காய்ச்சும் மருந்தின் வலு, ரசவாதத் திறனோடு பாத்திரத்தின் அறிவாற்றலையும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. அறிவாற்றலைக் கூட்டும் மருந்தைக் காய்ச்சிக் குடித்தால் அடுத்த மருந்து இன்னும் வலுவாகும். எத்தனை போத்தல் குடிக்கலாம் என்பதற்கு வரம்பும் இல்லை. 2006 இல் ஒப்ளிவியனைச் செய்தபோது பெதெஸ்டா நிறுவனத்தார் அந்தச் சூத்திரத்திலிருந்து அறிவாற்றலை எடுத்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் 4 மருந்துக்கு மேல் உடலில் வேலைசெய்யாதவாறு வரம்பும் வைத்தார்கள். 2011 இல் வந்த ஸ்கைரிமில், அடைத்த அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு பின்வளவால் அதே சுழல் மீண்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆகவே நான் முன்மொழியும் விதி இதுதான்: வெளியீடே உள்ளீடாகி, எல்லையில்லாமல் வளரும் எந்தச் சுற்றும் தடை. குவியும் சுற்றுகளும், சுற்றே இல்லாத தந்திரங்களும் அனுமதி. வாளியும் பதுங்கலும் இந்த அளவுகோலில் தப்பிவிடும். உங்கள் நண்பரின் வில் தப்பாது.


கரவெட்டி அக்கா:

நிரலாளர் தம்பியின் விளக்கம் தெளிவானது; ஆனால் அவருடைய அளவுகோலை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. எண் விரிகிறதா, குவிகிறதா என்பது இயந்திரத்தின் நிலைமையைச் சொல்கிறதே தவிர, விளையாடுபவருக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஸ்கைரிமில் பதுங்கியிருந்து குத்தும் குத்துவாளுக்கு, உரிய சிறப்புத் திறனை எடுத்தால் 15 மடங்கு தாக்கம் கிடைக்கும். கொலைகாரர் குழுவான டார்க் பிரதர்ஹுட் தரும் கையுறையையும் அணிந்தால் அது 30 மடங்காகும். இவை எல்லாம் விளையாட்டின் திரையிலேயே எழுதிக்காட்டப்பட்ட எண்கள். இவற்றில் சுழலும் இல்லை, முடிவிலியும் இல்லை. இருந்தும் இதை ஒருமுறை கைக்கொண்டவருக்கு ஒரு மந்திரத்தைக் கற்கவோ, கேடயம் ஒன்றைத் தூக்கவோ, எதிரியைக் கண்டு பின்வாங்கவோ அதன்பின் காரணமே இருப்பதில்லை. ஒரு உத்தியைப் பாவித்தபின் நீங்கள் எடுப்பதற்கு இன்னும் முடிவுகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதே என் அளவுகோல்.

இதற்கு நல்ல உதாரணம் மொறோவிண்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. செய்டா நீன் என்ற முதல் ஊரை விட்டு வெளியேறிச் சிறிது தூரம் நடந்தால், வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டு விழுந்து எங்கள் கண்முன்னால் இறந்துபோவார். அவருடைய உடலைச் சோதித்தால் இகாரியன் பறப்புச் சுருள்கள் 3 கிடைக்கும். அந்தச் சுருளை வாசித்தால் 7 செக்கனுக்குப் பாய்ச்சல் திறன் 1000 ஆல் கூடும். சாதாரணமாக அந்தத் திறன் 100 ஐத் தாண்டாத ஒன்று. பாய்ந்தால் தீவின் கணிசமான பகுதியைக் கடந்துவிடலாம். ஆனால் தரையைத் தொடும்போது 7 செக்கன் முடிந்திருக்கும். மந்திரவாதிக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். இறங்கும் தறுவாயில் இரண்டாவது சுருளை வாசித்தால் மட்டுமே உயிர் தப்பலாம், ஏனென்றால் பாய்ச்சல் திறன் மிகுந்தவருக்கு விழுந்த அடி படுவதில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் தங்கள் எண்களை உடைக்கும் கருவியைத் தாங்களே எங்கள் கையில் தந்து, அதன் விலை என்ன என்பதையும் ஒரு பிணத்தைக் கொண்டு காட்டிவிடுகிறார்கள். சுருள்கள் 3 தான். அவற்றில் ஒன்று எப்போதும் இறங்குவதற்குப் போய்விடும். எங்கே போவது என்று யோசிக்கவேண்டும். இவ்வளவு அளவுமீறிய வலுவுள்ள ஒன்றைப் பாவித்தும், முடிவுகள் குறையாமல் கூடிவிட்டன.

அதே விளையாட்டில் கல்டேரா என்ற ஊரிலுள்ள ஒரு மாளிகையில், கிரீப்பர் என்று ஒரு குட்டிப் பிசாசு கடை வைத்திருக்கிறது. மற்ற வியாபாரிகள் அடிமட்ட விலைக்குக் கேட்கும் பொருளை அது முழுப் பெறுமதிக்கு வாங்கும். அதனிடம் 5000 பொற்காசுகள் இருக்கும், ஒரு நாள் கழிந்தால் அவ்வளவும் திரும்பி வந்துவிடும். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஆனால் அதன்பின் பேரம் பேசும் திறனை வளர்த்த எவரையும் நான் கண்டதில்லை. அங்கே பிழை எதுவும் இல்லை, வேண்டுமென்றே வைத்த பகிடிதான். ஆயினும் ஒரு முழுத் திறனையே அது பயனற்றதாக்கிவிட்டது.

வாளியைப் பற்றி: அதை நான் அனுமதிப்பேன். கடைக்காரரின் தலையிலிருந்து புறப்படும் பார்வைக்கோடு எதிலாவது தடைப்படுகிறதா என்று ஸ்கைரிம் சோதிக்கிறது. வாளி அதைத் தடுக்கிறது. அந்த உலகம் தனக்கு வகுத்துக்கொண்ட விதியை, அந்த உலகத்துப் பொருளைக்கொண்டே ஒருவர் வென்றிருக்கிறார். தலையில் வாளி கவிழ்க்கப்பட்ட மனிதர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்பது சிரிப்புக்குரியதுதான், ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே அது இருக்கட்டும்.


நல்லூர் மேற்கு:

இருவரும் அடுத்த போட்டியைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். முடிந்த போட்டியில் வென்றவர் யார் என்ற கேள்விக்கு நான் நேரடியாகப் பதில் சொல்கிறேன்: அந்த நண்பர்தான். கட்டளை அடிக்கக்கூடாது என்று எழுதினீர்கள், அவர் அடிக்கவில்லை. விளையாடி முடிந்தபின் விதியை எழுதி அதைப் பின்னோக்கிப் பொருத்துவது நியாயமாகாது.

எங்கள் வீடுகளில் 304 விளையாடும்போது, எதிராளி எவ்வளவு கேட்டார், எதை முதலில் இறக்கினார் என்பதைக்கொண்டு கவிழ்த்து வைத்த துரும்பு எது என்று ஊகிப்பவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். அதே தகவலைத் தன் பக்கத்துக் கூட்டாளிக்குக் கண்ணால் சொல்பவரை எழுப்பிவிடுகிறோம். தகவல் ஒன்றுதான், எந்த வழியால் அது வரலாம் என்பதில் இருப்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே உடன்பட்டிருக்கிறார்கள். அந்த உடன்பாட்டுக்கு வெளியே எந்த அளவுகோலையும் தேடவேண்டியதில்லை.

வேகமாக முடிக்கும் போட்டிகளை நடத்தும் உலகளாவிய சமூகத்தினர் இந்தச் சண்டையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். எந்த வழியாலும் முடிக்கலாம் என்பது ஒரு பிரிவு. பிழைகளைப் பாவிக்காமல் முடிப்பது வேறொரு பிரிவு. இரண்டிலும் தனித்தனியே சாதனைகள் பதியப்படுகின்றன. ஒரு பிரிவில் ஓடுபவரை மற்றப் பிரிவில் ஓடுபவர் அளாப்பி என்று சொல்வதில்லை. 1997 இல் வந்த பைனல் ஃபான்டசி 7 இல், ஒரே தடவையில் இரண்டு பொருட்களைப் பாவிக்கவிடும் மந்திரக்கல்லை வைத்துக்கொண்டு, பொருளைத் தெரிவுசெய்துவிட்டு உடனே இரத்துச் செய்தால் அந்தப் பொருள் ஒன்று கூடிவிடும். அதற்கும் முந்திய 1996 இன் பொக்கெமொனில் 'மிஸ்ஸிங்நோ' என்ற உருக்குலைந்த பிராணியைச் சந்தித்தால் பையில் ஆறாவதாக இருக்கும் பொருள் நூற்றுக்கு மேல் பெருகும். தனியாக விளையாடியவர்கள் இவற்றைக் கொண்டாடினார்கள். எவருக்கும் நட்டம் ஏற்படவில்லை.

பலர் சேர்ந்து விளையாடும் இடத்தில்தான் நிலைமை வேறு. டயப்லோ 2 இல் பொற்காசுக்கு மதிப்பில்லாமல் போனதால், ஸ்டோன் ஒஃப் ஜோர்டன் என்ற மோதிரமே விளையாட்டுக்காரர்களின் பணமாகியது. அதைத் திருட்டுத்தனமாகப் பிரதிசெய்யத் தொடங்கியதும், உழைத்துத் தேடியவரின் மோதிரமும் மதிப்பிழந்தது. எல்டன் ரிங் 2022 பெப்ரவரி 25 ஆம் திகதி வெளியாகி மூன்று கிழமைக்குள், மார்ச் 17 இல், உறைபனியைக் கிளப்பும் மிதி ஒன்றின் வலுவையும், எங்களைப் போலவே உருவெடுத்துச் சண்டையிடும் துணை ஆவியின் வலுவையும் அதன் நிறுவனம் வெட்டியது. அதேவேளை, மொக்வின் மாளிகைப் பக்கத்தில் பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் பறவைக்கு அம்பெய்தால், அது எங்களை நோக்கி ஓடிவந்து விழுந்து செத்து 11,000 க்கு மேற்பட்ட ரூன்களை (அந்த விளையாட்டின் நாணயத்தை) தரும் வழி நெடுங்காலம் அப்படியே இருந்தது. அதனால் அடுத்தவருக்குக் குறைவொன்றும் இல்லை.

நீங்கள் போட்டி வைத்தீர்கள். ஆகவே உங்கள் ஸ்கைரிம் தனியாள் விளையாட்டாக இருப்பது அன்றோடு முடிந்துவிட்டது. உட்கார்ந்து உடன்பாட்டை எழுதுங்கள்.


கொக்குவிலான்:

மூவருக்கும் நன்றி. நல்லூர் அண்ணா சொன்னபடி முதல் சுற்றின் வெற்றியை நண்பனுக்கே விட்டுவிடச் சம்மதித்திருக்கிறோம். அதில் இன்னும் மனம் ஆறாதவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

ஆனால் அக்காவின் அளவுகோலை விதியாக எழுத முயன்றபோது தடுமாறிவிட்டோம். முடிவுகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதை யார் தீர்மானிப்பது? பதுங்கி அம்பெய்பவன் தான் ஒவ்வொரு அம்புக்கும் இடமும் இருளும் பார்த்து முடிவெடுப்பதாகச் சொல்கிறான். அதை மறுக்க எங்களால் முடியவில்லை. நிரலாளர் அண்ணாவின் அளவுகோல் அப்படியல்ல, யாரும் சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கரைச்சல் வேண்டாம், விதிகளை விளையாட்டைச் செய்தவர்களே எழுதித் தந்திருக்கும் பல்டூர்ஸ் கேட் 3 இன் 'ஒனர்' நிலைக்கு மாறிவிடுவோம் என்று ஒருவன் சொல்கிறான். அது நல்ல வழியா? எங்களில் ஒருவனிடம் பிளேஸ்டேஷன் 4 மட்டுமே இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.


சுன்னாகம் நிரலாளர்:

பிளேஸ்டேஷன் 4 இல் பல்டூர்ஸ் கேட் 3 வெளிவரவில்லை. ஆகவே அந்த நண்பரை விட்டுவிட்டுத்தான் மாறவேண்டியிருக்கும். ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்வி சுவையானது என்பதால் பதில் சொல்கிறேன்.

லாரியன் நிறுவனத்தார் அந்த விளையாட்டை 2023 ஓகஸ்ட் 3 ஆம் திகதி வெளியிட்டார்கள். ஒனர் நிலை அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஐந்தாவது பட்சுடன் (திருத்தப் பதிப்புடன்) வந்தது. அதில் அவர்கள் எதை வெட்டினார்கள், எதைத் தொடவில்லை என்று பார்ப்பதே ஒரு பாடம். சாதாரண நிலையில், ஒரு பாத்திரத்தை 'வார்லொக்' என்ற மந்திரவாதி வகுப்பிலும் போர்வீரர் போன்ற இன்னொரு வகுப்பிலும் வளர்த்தால் இரண்டும் தரும் மேலதிக அடி ஒன்றோடொன்று கூடும். ஒனர் நிலையில் கூடாது. வேகமூட்டும் மந்திரத்தால் கிடைக்கும் மேலதிகச் செயலில் சாதாரண நிலையில் அடிகள் முழுமையாகக் கிடைக்கும். ஒனர் நிலையில் ஓர் அடியோடு சரி. பெரிய எதிரிகள் ஒவ்வொருவருக்கும், எங்கள் முறையிலேயே குறுக்கிட்டுச் செய்யும் தனிச்செயல்களையும் கொடுத்தார்கள். அதாவது பெருக்கல் மேல் பெருக்கலாக ஏறிய இடங்களையே வெட்டினார்கள். இது என்னுடைய அளவுகோலுக்கு நெருக்கமானது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

வெடிமருந்துப் பீப்பாய்களை அவர்கள் விட்டுவைத்தார்கள். ஊரெல்லாம் பொறுக்கிய பீப்பாய்களைத் தோளில் சுமந்து, உருமறைந்து நின்று எதிரியைச் சுற்றி அடுக்கிவிட்டு, தூரத்திலிருந்து ஒரு தீயம்பு விட்டால் சண்டை தொடங்கும் முன்னரே முடிந்துவிடும். உச்சியிலிருந்து ஆந்தைக்கரடி உருவில் எதிரியின் தலையில் குதிப்பதும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். இவற்றுக்கு ஆயத்தம் தேவை, இடம் தேவை, ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கவேண்டும். இங்கே அக்காவின் அளவுகோலும் வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒனர் நிலையில் ஒரேயொரு சேவ் மட்டுமே உண்டு, பின்னோக்கிப் போக முடியாது. குழு முழுதாக மடிந்தால் அந்த நிலை பறிபோகும். ஆனால் தோல்வி பதிவாகும் முன்னர் விளையாட்டை வலிந்து மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால், முந்திய சேவிலிருந்து தொடரலாம் என்பது எல்லோரும் அறிந்த ஓட்டை. மின்தடைக்குப் பெயர்போன எங்கள் ஊரில், வலிந்து மூடியவர் யார், உண்மையிலேயே மின்சாரம் போனவர் யார் என்பதை எப்படிப் பிரித்தறிவீர்கள்? செய்தவர்களே எழுதிய விதிப்புத்தகத்தையும் இறுதியில் நம்பிக்கை கொண்டுதான் காவல்காக்கவேண்டியிருக்கிறது. ஸ்கைரிமிலேயே இருங்கள்.


கரவெட்டி அக்கா:

ஸ்கைரிமிலேயே இருப்பதானால் இன்னொரு செய்தியும் தெரிந்திருக்கவேண்டும். இரசிகர்கள் சேர்ந்து செய்த 'அன்ஒஃபிஷியல் பட்ச்' என்ற மொட், மீட்பு வித்தைச் சுழலை அடைத்துவிடுகிறது. எல்லோரும் கணினியில் விளையாடுவதாக இருந்தால் அதை ஏற்றுவதோடு பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால் பிளேஸ்டேஷன் 4 இல் வெளியிலிருந்து கொண்டுவரும் கோப்புகளுக்கு இடமில்லாததால் அந்த மொட் அங்கே கிடைக்காது. ஒருவருக்கு மட்டும் கதவு திறந்திருக்கும் போட்டி நியாயமாகாது. எனவே அதைத் தவிர்த்து, கையால் எழுதிய விதியோடு விளையாடுவதே நல்லது.

விதியை இப்படி எழுதலாம்: மீட்பு வித்தையைக் கூட்டும் மருந்து உடலில் இருக்கும்போது, ரசவாதத்தையோ கொல்லுவேலையையோ கூட்டும் எந்த அணிகலனையும் அணியவோ கழற்றவோ கூடாது. இது நிரலாளர் தம்பியின் பொது விதியைச் சோதிக்கக்கூடிய ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. கூடவே அவருடைய பொது விதியையும் முதல் வரியில் எழுதிவையுங்கள், எதிர்பாராத சுழல் ஒன்றை யாராவது கண்டுபிடித்தால் அது கைகொடுக்கும். பதுங்கி அம்பெய்பவரை விதியால் தடுக்கமுடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அவருக்கு நான் சொல்லக்கூடியது, அடுத்த சுற்றில் இரு கையிலும் மந்திரத்தோடு ஒருமுறை தொடங்கிப் பாருங்கள் என்பதுதான். தோற்றாலும் நேரம் போனது தெரியாது.


நல்லூர் மேற்கு:

நீங்கள் எல்லோரும் மருந்துக் கலயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிகாரத்திலேயே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சேவில் பதியப்படும் நேரம், அந்தச் சேவ் வரைக்கும் வந்த பாதையின் நேரம் மட்டுமே. ஒருவர் டிராகனிடம் அரை மணித்தியாலம் அடிவாங்கி இறந்துவிட்டுப் பழைய சேவைத் திறந்தால், அந்த அரை மணித்தியாலம் எந்தக் கணக்கிலும் வராது. களவெடுக்கப் போய்ப் பிடிபடும் ஒவ்வொரு முறையும் திரும்பத் திறப்பவருக்கும் அப்படியே. பொறுமை மிகுந்தவர் எந்தத் தந்திரமும் இல்லாமல் இதைக் கொண்டே வெல்லலாம். முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தவர் எத்தனை தடவை இறந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

விளையாட்டின் நேரத்தைக் கைவிட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் குழுவில் போடவேண்டும். மின்சாரம் போனால் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதிக் கழித்துக்கொள்ளலாம். எல்லோரும் இரண்டு மூன்று ஊருக்குள் இருப்பதால் மின்சாரம் உண்மையில் போனதா என்பதை அடுத்த ஒழுங்கையில் இருப்பவரிடமே கேட்டுவிடலாம்.